குத்தகைப் புலி

சென்னை பென்டாமீடியா கிராஃபிக்ஸ் ஞாபகம் இருக்கா சார்? நடிகர்கள் உடம்பில் கருவி மாட்டி ஆடவிட்டு, அந்த அசைவைக் கம்ப்யூட்டர் பொம்மைக்கு ஏற்றி, 2000-ல் முழுநீள 'சிந்துபாத்' எடுத்தார்களே! அவர்களுடைய 'பாண்டவாஸ்' சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதே வாங்கியது. கேதன் பரேக் கைபட்ட பங்குகளில் இதுவும் ஒன்று. விலை பனைமர உயரம்! 2001-ல் அவர் கைதானார், பங்கு பொத்.

அமெரிக்காக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான்? நம்ம பாண்டிச்சேரிப் பையன் கதை 'லைஃப் ஆஃப் பை'க்குப் புலி செய்த ரிதம் அண்ட் ஹியூஸ், 2013 பிப்ரவரியில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதே மாசம் ஆஸ்கர்! காரணம், பி.காம். மூளைக்கு எட்டினவரை, குத்தகை. தொகை முதலிலேயே பேசி முடிச்சாச்சு. அப்புறம் டைரக்டர் 'வாலை மாத்துங்க' என்றால் செலவு ஸ்டுடியோ தலையில். மேட்டூர் திறக்காட்டாலும் குத்தகை அளக்கிற தஞ்சாவூர்க்காரனுக்கா இது புரியாது?

மகன் அனிமேஷன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்க, திருக்காட்டுப்பள்ளி சித்தப்பா என்னிடம் வந்தார். எல்லாம் சொன்னேன்.

"அப்ப பய சம்பளத்துக்கே போகட்டும்டா, குத்தகை வேணாம்" என்றார்.

புலி செய்த சம்பளக்காரர்கள் நூற்றுக்கணக்கான பேருக்கும் வேலை போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஃபீசுக்காக சம்பா மூட்டை ஏற்றக் கிளம்பிவிட்டார்.