ஸ்டீரிங் பூட்டு எப்போது ஆயுதமாகிறது?

சாலைச் சண்டைக் காணொலி ஒன்று பரவினால், பலரும் முதலில் பேசுவது அடித்தவரின் கையில் இருந்த பொருளைப் பற்றித்தான். ஸ்டீரிங் பூட்டு, ஹெல்மெட், பேஸ்பால் மட்டை, சில வேளைகளில் குடை. சண்டை எதற்காக என்பதெல்லாம் பிறகுதான். கருத்துப் பகுதியில் சிரிப்பு முகங்கள் குவிகின்றன. வழக்கு என்று வந்துவிட்டால், அதே பொருள்தான் தண்டனையின் அளவை மாற்றுகிறது.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 323-ஆவது பிரிவின்படி, ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வெறுங்கையால் அடித்த வழக்குகள் பெரும்பாலும் இதில் வரும். ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தினால் 324-ஆவது பிரிவு. அதன்கீழ் சிறை பத்தாண்டு வரை போகலாம். அபராதமும் பிரம்படியும் உண்டு. கத்தி, துப்பாக்கி மட்டுமல்ல, ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிரைப் பறிக்கக்கூடிய எந்தப் பொருளையும் அந்தப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கார் திருடு போகாமல் இருக்க வாங்கிய இரும்புப் பூட்டால் தலையில் அடித்தால், அதுவும் இதில் வரக்கூடும்.

அடித்தால்தான் குற்றம் என்பதும் இல்லை. அபாயகர ஆயுதங்கள் தொடர்பான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். தோட்ட வேலைக்குப் பாராங் கொண்டுபோவது வேறு. நள்ளிரவில் மாமாக் கடை வாசலில் நிற்கும் காரின் இருக்கைக்கு அடியில் அதே பாராங் கிடப்பது வேறு. சிலம்ப வகுப்புக்குப் போகிறவரிடம் உள்ள கம்புக்குக் காரணம் உண்டு. 'சும்மா பாதுகாப்புக்கு' என்ற பதில் அவ்வளவு எளிதில் எடுபடாது.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு எல்லை உண்டு: தற்காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்கக்கூடாது, காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. வாய்த்தகராறுக்கு நடுவே தன் காருக்குத் திரும்பிப் போய், கதவைத் திறந்து, பூட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர் தற்காப்பு என்று வாதாடுவது கடினம். அவர் நடந்துபோய்த் திரும்பிய அந்த விநாடிகளும் பின்னால் நிற்கும் காரின் டேஷ்கேமில் பதிவாகியிருக்கும்.