கோட்டையின் நிழலில் வளரும் நம் மழலைகள்

2025ஆம் ஆண்டு ஜூலையில் நமது செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் அடங்கிய 12 கோட்டைகளுள் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. தமிழகத்திற்கு உரியது இது ஒன்றே. அச்செய்தியைக் கேட்டு நாமும் பெருமையுற்றோம். ஆயின், தொலைதூரத்திலிருந்து பிறர் வந்து கண்டு வியக்கும் இம்மலைகளை, அவற்றின் அடியிலேயே வளரும் நம் மழலைகள் எத்தனை முறை தொட்டுப் பார்த்திருக்கின்றனர்?

நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஆட்டோ, பிறகு நான்கு சுவர்களுக்குள் பள்ளி, மாலையில் டியூஷன், அதன்பின் மக்தப். வீடு திரும்பியதும் கைப்பேசி. இவற்றுள் எதையும் நாம் தீய நோக்கத்துடன் ஏற்படுத்தவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் காலில் மண் படுவதற்கு இதில் ஒரு நாழிகையும் மிஞ்சுவதில்லை. வகுப்பில் கவனம் சிதறுகிறது, காரணமின்றி அழுகிறான், பள்ளிக்குச் செல்ல மறுக்கிறான் என்றெல்லாம் தாய்மார்கள் கவலையுறும்போது, பிள்ளையிடம் குறை தேடுவதற்கு முன் இந்த நாள் அட்டவணையை ஒருமுறை நோக்குதல் நலம்.

திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயமான அல்-காஷியா, ஒட்டகம், வானம், மலை, பூமி ஆகியவற்றை நோக்கிச் சிந்திக்குமாறு மனிதனை அழைக்கிறது. அந்த வசனங்களை நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். மலையோ சன்னலுக்கு வெளியே நிற்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பிள்ளைப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளை ஹலீமா (ரலி) அவர்களிடம் பாலைவெளியில் கழித்தார்கள். அபூ உமைர் என்ற சிறுவன் தன் சிறு பறவையை இழந்து வாடியபோது, அப்பறவையைப் பற்றியே கனிவுடன் விசாரித்தார்கள். ஒரு குழந்தைக்கும் ஒரு பறவைக்கும் இடையிலான உறவு அவர்களுக்கு அற்பமாகத் தோன்றவில்லை.

ஆய்வும் இதன் பக்கமே நிற்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்பு மாணவர்களை மூன்றாண்டுகள் கவனித்தனர். பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளியே இருக்கச் செய்தனர். அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டது, மற்றவற்றில் 39.5 விழுக்காட்டினருக்கு. 2015இல் வெளியான இம்முடிவு கண்ணைப் பற்றியது மட்டுமே. மனத்திற்கு நேரும் நன்மையைப் பிள்ளையின் முகத்திலேயே காணலாம்.

தொலைவில் தேட வேண்டியதும் இல்லை. நம்மிடமிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள மருதம் பண்ணைப் பள்ளியில் தோட்டமும் காடும் மலையும் பாடத்தின் பகுதியாகவே உள்ளன. அரசின் நிலையோ சற்று விந்தையானது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பத்து நாள்கள் புத்தகப் பையின்றிக் கற்கச் சொல்கிறது; ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலானவர்களுக்கு. மண்ணும் மரமும் மிகுதியாகத் தேவைப்படும் பருவம் அதற்கு முந்தியதன்றோ?

கோட்டை வளாகத்தில் மழலைகளுக்கு என்ன இருக்கிறது? இராஜகிரியின் உச்சிக்கு அவர்களை ஏற்ற வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே களஞ்சியமும் கல்யாண மகாலும் குளங்களும் உள்ளன. களஞ்சியத்தினுள் நின்று குரல் கொடுத்து எதிரொலியைக் கேட்கலாம். உருண்டை உருண்டையாக அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகளின் இடுக்கில் செடி எப்படி முளைத்தது என்று கேட்கலாம். எறும்பு வரிசையைப் பின்தொடரலாம். தேசிங்கு ராஜனை 1714இல் வென்ற நவாபு சாதத்துல்லா கான் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசலும் அங்கேயே நிற்கிறது. தேசிங்கின் உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம் வீரன் என்று நாட்டார் கதைப்பாடல்கள் போற்றுகின்றன. அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வெயில், குரங்கு, பாம்பு, குளம் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. வெயிலேறினால் இந்தப் பாறைகள் அடுப்புக்கல்லாகும். ஆகவே கோடையில் வேண்டாம். தின்பண்டப் பொட்டலங்களைக் கையில் கொடுக்காதிருந்தால் குரங்குத் தொல்லை பாதி குறையும். குளக்கரையில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் அவசியம். உடை அழுக்காகும் என்பது மட்டும் ஏற்கத்தக்க காரணமாக நமக்குத் தோன்றவில்லை.

செலவும் பெரிதன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இக்கோட்டையில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மக்தப் நிர்வாகிகளும் ஹஜ்ரத்மார்களும் மனம் வைத்தால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். முதலில் இருபது பிள்ளைகள் போதும். பெண் பிள்ளைகளை விட்டுவிடலாகாது. வயது ஏற ஏற வெளியுலகம் முதலில் சுருங்குவது அவர்களுக்கே. தாய்மார்களும் துணைக்கு வரட்டும். திருமணமாகி இவ்வூருக்கு வந்து இருபது ஆண்டுகளாகியும் கோட்டை வாயிலுக்குள் கால் வைக்காதவர்கள் அவர்களிலும் உண்டு.