கணினியின் கண்ணுக்குத் தெரியாத டிரைவ்



நம் இல்லங்களின் அலமாரிகளில் குறுந்தகடுகள் பல உறங்குகின்றன. 2000-ஆம் ஆண்டிற்குப் பின் பல ஆண்டுகள், திருமணமாயினும் முதல் நற்கருணையாயினும் பெரியோரின் அடக்கத் திருப்பலியாயினும், படம் பிடித்தவர் இறுதியில் நம் கையில் கொடுத்தது ஒரு தகடே. மறைந்த தாய் தந்தையரின் குரல் அதிலன்றி வேறெங்கும் இல்லாத வீடுகள் உண்டு. இன்று அதனைக் கணினியில் இட்டால் ஒன்றும் தோன்றுவதில்லை; டிரைவின் அடையாளமே திரையில் காணப்படுவதில்லை. உடனே, "டிரைவ் போயிற்று, தகடும் கெட்டிருக்கும்" என்று எவரேனும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தகடு குப்பைக்குப் போகின்றது.

ஒரு பொருள் இல்லை என்பதும், அது என் அறிவுக்கு எட்டவில்லை என்பதும் வெவ்வேறு என்று குருமடத்துத் தத்துவ வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தனர். கணினி கூறுவது இவற்றுள் இரண்டாவதே. ஆகவே தீர்ப்புக்கு முன் சற்று விசாரணை வேண்டும்.

டிரைவின் பொத்தானை அழுத்துங்கள். தட்டு வெளியே வந்தால் மின்சாரம் அதற்குக் கிடைக்கின்றது என்று பொருள். பின்னர்க் கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும்போதே எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தினால் (கணினிக்குக் கணினி இது மாறும்) பயாஸ் என்னும் பக்கம் திறக்கும். விண்டோஸ் விழித்தெழுமுன் கணினி தன் உறுப்புகளைக் கணக்கெடுக்கும் இடம் அது. அங்கே டிரைவின் பெயர் இருந்தால், கோளாறு பெரும்பாலும் விண்டோஸில்தான். பெயர் இல்லையெனில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, டிரைவின் பின்னுள்ள சாட்டா கம்பிகள் இரண்டையும் கழற்றி மீண்டும் இறுகச் செருகுங்கள். யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளி டிரைவாயின், பல முனைகள் கொண்ட இணைப்புப் பெட்டியை விடுத்து நேரே கணினியில் செருகுக; அவற்றுள் பல போதிய மின்சாரம் கிடைக்காமலேயே ஊமையாகிவிடுகின்றன.

இனி விண்டோஸ். தொடக்கப் பொத்தானின்மேல் வலச்சொடுக்கினால் டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியல் கிடைக்கும். அதில் டிரைவின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் நின்றால், அதனை 'அன்இன்ஸ்டால்' செய்து கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் அதனைத் தானே தேடிச் சேர்த்துக்கொள்ளும். இதற்கென மென்பொருள் எதனையும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. வேண்டியது விண்டோஸிலேயே உள்ளது. விற்க முன்வருவோரை நான் ஐயத்துடனேயே நோக்குகிறேன்.

எங்கள் பங்கைச் சேர்ந்த விதவைத் தாயார் ஒருவர், "சாமி, கடையில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள்" என்று கலங்கி வந்தார். 2006-இல் நடந்த மகளின் திருமணத் தகடு அது. தந்தை மகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கூறும் காட்சி அதில் உண்டு. மறு ஆண்டே அவர் இறைவனடி சேர்ந்தார். பங்கின் இளைஞர் ஒருவர் பார்த்தபோது, டிவைஸ் மேனேஜரில் கோளாறு எண் 39 என்றிருந்தது. தகடுகளில் பதிவுசெய்யும் மென்பொருள்கள், டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தம் ஆளை நிறுத்துவதுண்டு. மென்பொருளை நீக்கிய பின்பும் அந்த ஆளின் பெயர் பதிவேட்டில் தங்கிவிடலாம். மாற்றலாகிப் போன அதிகாரியின் கையெழுத்துக்காகக் கோப்பு காத்துக் கிடக்கும் அலுவலகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

ரெஜிஸ்ட்ரி என்னும் அப்பதிவேட்டில், 4டி36இ965 எனத் தொடங்கும் பிரிவிலுள்ள 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்னும் இரு குறிப்புகளை நீக்கியதும் டிரைவ் கண்விழித்தது. பழகாத கை இதில் இறங்கலாகாது. முதலில் பதிவேட்டின் நகலை எடுத்துவைக்க வேண்டும். இதே பெயருள்ள குறிப்புகள் வேறு பிரிவுகளிலும் உண்டு. விசைப்பலகையின் பிரிவில் நீக்கிவிட்டால் விசைப்பலகையே செயலிழக்கும்.

டிரைவ் திரையில் தோன்றியும் படம் ஓடாதிருப்பது வேறு சங்கதி. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டி.வி.டி. திரைப்படத்தை ஓட்டும் வசதி விண்டோஸுடன் இயல்பாக வருவதில்லை, வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் போதும். சி.டி. ஓடி டி.வி.டி. ஓடாவிடில் வியப்பில்லை. முன்னதை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியும், பின்னதை 650 நானோமீட்டர் ஒளியும் படிக்கின்றன; ஒன்று பழுதுற்று மற்றொன்று நன்றாயிருக்கலாம். தகட்டில் தூசியிருப்பின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாக அன்று.

டிரைவ் இயங்கத் தொடங்கியதும் படம் பார்க்க அமராதீர்கள். பதிவுசெய்த தகட்டில் உள்ளது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதனைச் சிறிது சிறிதாக அழிக்கும். முதலில் முழுவதையும் கணினியில் நகலெடுத்து, இன்னொரு நகலை வெளியூரிலுள்ள பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.