ரயிலுக்கு மின்சாரம், படப்பிடிப்புக்கு டீசலா?

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, 1931ஆம் ஆண்டில், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 90 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று அதே ரயிலில் விடியற்காலையில் ஏறுகிற கூட்டத்தில் சினிமா லைட்மேன் உண்டு. செட் போடும் தச்சர் உண்டு. டெலிவிஷன் தொடருக்குச் சாப்பாடு பரிமாறும் தோழரும் உண்டு. மின்சார ரயிலில் போய் இறங்குகிற இவர்கள் நாள் முழுவதும் நிற்பதோ டீசல் புகையில்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

நீலாங்கரையில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் பங்களாக்கள் இருக்கின்றன. படப்பிடிப்பு நடக்கும் வீட்டை அடையாளம் காண விலாசம் வேண்டியதில்லை. வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டர் வண்டியே போதும். வீட்டு மின் இணைப்பு பெரிய விளக்குகளின் சுமையைத் தாங்காது. நடுவில் மின்சாரம் போனால் கால்ஷீட் வீண். தற்காலிக இணைப்பு வாங்கலாம் என்றால் அதற்குக் கட்டணம் அதிகம். ஆகவே டீசல்!

கணக்குப் பார்ப்போம். 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். 10 மணி நேரம் அப்படி ஓடினால் 200 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு. ஒரே வண்டி, ஒரே நாள், அரை டன்! டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் திட்டவட்டமாக அறிவித்தது. இந்தப் புகையைக் குடிப்பவர் யார்? குளிரூட்டிய கேரவனில் இருக்கும் நட்சத்திரமா? இல்லை. வண்டியருகே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். கேபிள் இழுக்கும் லைட்மேன். பக்கத்து வீட்டுக் குழந்தை.

புகை ஒரு பக்கம், குப்பை மறுபக்கம். ஒரு பாட்டுக்காக அரண்மனை எழுப்புகிறார்கள். பிளைவுட், தெர்மாகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பெயிண்ட். தச்சரும் பெயிண்டரும் தூசியைச் சுவாசித்து இரவு பகலாகக் கட்டியதைப் பாட்டு முடிந்ததும் உடைக்கிறார்கள். மரம் மறுபடி பயன்படலாம், தெர்மாகோல் மக்காது. அது எங்கே போகும்? பட முதலாளியின் வீட்டுத் தோட்டத்திற்கா? புறநகரின் குப்பை மேட்டுக்கும் வாய்க்காலுக்கும்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றி எரிந்து புகை கக்கியதை அந்த வட்டாரம் மறக்கவில்லை. அதே மாதத்தில்தான், அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது! தண்ணீர் போக வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று முடிச்சூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2015 டிசம்பர் நடத்திவிட்டது.

சட்டம் இல்லையா? உண்டு. 100 பேருக்கு மேல் ஓரிடத்தில் கூட்டினால் மூன்று நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. தள்ளுவண்டிக்காரரின் பிளாஸ்டிக் பையைப் பறிமுதல் செய்யும் கை, படப்பிடிப்புப் பங்களாவின் கதவையும் தட்டட்டும்.

"சுற்றுச்சூழல் என்பது பணக்கார நாட்டுப் பேச்சு" என்பார் சிலர். பணக்கார நாடு என்ன சொல்கிறது? ஒரு பிரம்மாண்டப் படம் சராசரியாக 2,840 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதில் பாதி போக்குவரத்தால், 15 சதவீதம் டீசல் ஜெனரேட்டர்களால் என்று 2020இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். நாம் நுரையீரலில் வரவு வைத்துக்கொள்கிறோம்!

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. டீசல் வண்டிக்குக் காற்றாலையோடு என்ன உறவு?

தொழிலாளியின் அச்சம் வேறு. எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், எடையும் குறைவு. உடனே முதலாளி, "பாதி லைட்மேன் போதும்" என்பார். எல்.இ.டி. திரையிலேயே அரண்மனையைக் காட்டிவிட்டால் தச்சருக்கு வேலை ஏது? இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் புகையைக் காப்பாற்றி வேலையைக் காப்பாற்ற முடியாது. எம்.பி. சீனிவாசனும் நிமாய் கோஷும் சினிமாத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்ட உழைத்தார்கள். தனித்தனியே நின்றால் கிடைக்காத உரிமை சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பதே அந்த உழைப்பின் பாடம். மாற்றம் வரும், அது யார் போட்ட நிபந்தனையில் வரும் என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்பது இவை. ஆள்குறைப்பு கூடாது, டீசலில் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்குப் பங்கும் புதுக் கருவிகளில் பயிற்சியும் வேண்டும். வழக்கமாகப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் மின்வாரியம் நியாயமான கட்டணத்தில் உயர்சுமை இணைப்புத் தர வேண்டும். சர்க்காருக்குச் சொந்தமான தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகரிலேயே செட் சாமான்களைச் சேர்த்துவைத்து அடுத்த படத்துக்குக் கொடுக்கும் கிடங்கு வேண்டும். ஜெனரேட்டர் தவிர்க்க முடியாத இடத்தில் ஆபரேட்டருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை வேண்டும். பூந்தமல்லி அருகே 140 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று 2024இல் சர்க்கார் அறிவித்ததே, அதன் வரைபடத்திலும் இவை ஏற வேண்டும்.

தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் வட்டாரத் தோழர்களே! திரையில் தெரியும் ஒளிக்குப் பின்னால் இருக்கும் இருட்டு உங்கள் தெருவில் நிற்கிறது. படப்பிடிப்புத் தொழிலாளியும் தெருவாசியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இருவர் மூச்சும் ஒன்று, கோரிக்கையும் ஒன்றாகட்டும். ரயிலுக்குக் கிடைத்த மின்சாரம் விளக்குக்குக் கிடைக்காதா? கேட்டால் கிடைக்கும், சேர்ந்து கேட்டால் நிச்சயம் கிடைக்கும்!