'நன்றி: கூகுள்' போட்டால் போதுமா?

போத்தனூரில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்வோம். கொள்ளு ரசப் பொடி, அரிசிம்பருப்பு சாதத்துக்கான மசாலா, கறிவேப்பிலைப் பொடி. ஜங்ஷன் பக்கத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்து ஆரம்பித்த வியாபாரம், வெள்ளலூர், சுந்தராபுரம் தாண்டி இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் போகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் கடைக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறாள். "வெறும் விலைப்பட்டியல் போட்டா யாரும்மா எட்டிப் பார்ப்பாங்க? கொள்ளுல என்ன சத்து, எப்படிச் சமைக்கிறதுன்னு வாரம் ஒண்ணு எழுதுங்க" என்கிறாள்.

நல்ல யோசனை. ஆனால் எழுதினால் கூடவே படம் வேண்டுமே? கூகுளில் தேடினால் கொட்டிக் கிடக்கிறது. பளிச்சென்று ஒன்றை எடுத்து ஒட்டி, கீழே 'நன்றி: கூகுள்' என்று போட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். எந்தத் தோட்டத்தில் மாம்பழம் தொங்குகிறது என்று கை காட்டியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தோட்டக்காரரைக் கேட்காமல் பறித்து வந்து சந்தையில் விற்பதைப் போன்றது இது.

எழுத்து, படம், இசை இவற்றின் மேல் படைத்தவருக்கு இருக்கும் உரிமைதான் பதிப்புரிமை. (கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் இதையும் சேர்த்து எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு வேறு சட்டங்கள்.) இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ல் வந்தது. இதன்படி ஒரு படத்தையோ கட்டுரையையோ யாரும் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதுமில்லை. படைத்த நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. வெளிநாட்டுக்காரர் எடுத்த படம் என்றாலும், பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளின் படைப்புகளுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன.

கருத்துக்கு வேலி இல்லை

இதைக் கேட்டதும் 'அப்படியானால் எதையுமே எழுத முடியாதா?' என்ற பயம் வரும். அந்தப் பயம் தேவையில்லை. இந்தச் சட்டம் காவல் காப்பது கருத்தை அல்ல, அந்தக் கருத்தை ஒருவர் சொன்ன விதத்தை.

இதைத் தெளிவாக்கிய வழக்கு ஒன்று உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். 1956-ல் வைஜயந்திமாலா நடித்து 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. இரண்டிலுமே வேறு வேறு மாநிலத்தைச் சேர்ந்த காதலர்கள், மாநிலப் பற்றினால் வரும் சிக்கல். 'என் நாடகத்தைத் திருடிவிட்டார்கள்' என்று ஆனந்த் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் தீர்ப்பு வந்தது. கருத்து, கதைக்கரு, வரலாற்று நிகழ்ச்சி இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது, ஒரே கருவை இரண்டு பேர் அவரவர் வழியில் சொல்லலாம் என்றது நீதிமன்றம். ஆனந்த் தோற்றார்.

ஆக, கொள்ளு ரசம் வைக்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. கொள்ளு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்ற கணக்குக்கும் யாரும் பட்டா போட முடியாது. ஆனால் ஒரு சமையல் கலைஞர் தன் நடையில் எழுதிய பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டினால் அது மீறல். போத்தனூர் பெண்மணி தன் அம்மா எப்படித் தாளிப்பார் என்று தன் பேச்சிலேயே எழுதினால் அது முழுக்க அவருடையது. சொல்லப்போனால் வாடிக்கையாளர்கள் விரும்பிப் படிப்பதும் அதைத்தான்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துப் போட்டால்? பலர் செய்வது இது. 'நான்தானே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்' என்ற நியாயமும் சொல்வார்கள். மொழிபெயர்க்கும் உரிமையும் முதலில் எழுதியவருக்கே என்கிறது சட்டம். நாலைந்து இடங்களில் படித்து, விஷயத்தை வாங்கிக்கொண்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுவது வேறு. வரிக்கு வரி பெயர்ப்பது வேறு.

பாரதி பாட்டுக்கும் ஒரு காலத்தில் முதலாளி

பதிப்புரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த கதையை விடப் பெரிய சாட்சி தேவையில்லை. பாரதியார் 1921-ல் மறைந்தார். அவர் பாட்டுகளைச் சினிமாவிலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி, 1940-களில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. காசு கொடுத்து முறைப்படி வாங்கிய உரிமை. 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாடினார். ஊரெல்லாம் அதே பாட்டுகள் ஒலித்தன.

மறு வருடம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உரிமை என்னிடம் இருக்கிறது, என் அனுமதி இல்லாமல் எப்படி என்று மெய்யப்பச் செட்டியார் கேட்டார். விவகாரம் வழக்காயிற்று. சட்டப்படி செட்டியார் கேட்டதில் தவறில்லை. ஆனால் தேசியக் கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் கை நீட்டி அனுமதி கேட்பதா என்ற கேள்வியும் கூடவே கிளம்பியது. எழுத்தாளர்கள் சேர்ந்து பாரதியை விடுதலை செய்ய வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள்.

1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் கோவைக்காரரான தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவியவர். ஏவி.எம். தன்னிடமிருந்த உரிமையை அரசிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அந்த வழியில் பிறகு எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்துத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. சிறு வியாபாரிக்கு இது பெரிய வரம். நாட்டுடைமையான எழுத்தாளரின் வரியைத் தன் பொட்டலத்தில் தைரியமாக அச்சிடலாம். நாட்டுடைமை ஆகாதவர் என்றால் கணக்கு எளிது. எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1960-ல் மறைந்தவரின் எழுத்து 2020 டிசம்பர் 31 வரை வாரிசுகளுடையது, அதன் பின் பொதுச்சொத்து. முன்பு இது 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்குக் கெடு முடிந்தபோதுதான், விஸ்வபாரதிக்காக 1992-ல் சட்டத்தையே திருத்தி 60 ஆக்கினார்கள். ஒரு கவிஞருக்காகச் சட்டம் நீண்டது அங்கே. ஒரு கவிஞருக்காக அரசே உரிமையை வாங்கியது இங்கே.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' கதை எல்லோருக்கும் பொது. அதற்கு வரைந்த ஓவியங்கள் அப்படியல்ல, ஓவியரின் உரிமை தனி. பாரதியின் வரி பொது. அதை இசையமைத்து, பாடி, பதிவு செய்த ஒலி பொது அல்ல. ஒரு சினிமாப் பாட்டில் வரிக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒரு நிறுவனம் என மூன்று அடுக்கு உரிமை இருக்கிறது. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து, அவர் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே நோட்டீஸ் போனது. ரசிகர்கள் அதிர்ந்து போனார்கள். பாடியவருக்கே அந்த நிலைமை என்றால், மசாலாப் பொடி ரீல்ஸுக்குப் பின்னணியாக அதே பாட்டைப் போடுகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்குப் பிரபலப் பாடல்கள் பல காட்டப்படாததற்கும், தனியாக ஓர் இசைத் தொகுப்பு கொடுக்கப்படுவதற்கும் காரணம் இதுதான். அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தால் பிரச்சினை இல்லை.

பத்து விநாடி கணக்கெல்லாம் எங்கே இருக்கிறது?

'பத்து விநாடி வரைக்கும் பாட்டு போடலாங்க', 'முப்பது சதவீதம் மாத்தி எழுதிட்டா கேஸ் நிக்காதுங்க' என்று டீக்கடைச் சட்டம் ஒன்று உலவுகிறது. இந்தியச் சட்டத்தில் இப்படி விநாடியும் இல்லை, சதவீதமும் இல்லை. விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று விலக்கு தருகிறது. ஒரு சமையல் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது, ஆசிரியர் பெயர் சொல்லி இரண்டு வரி மேற்கோள் காட்டலாம். பொடி விற்பதற்காக அவர் பக்கத்தை முழுசாக எடுத்தால் அந்த விலக்கு கை கொடுக்காது. பெயர் போடுவது மரியாதை. அது அனுமதி ஆகிவிடாது.

பிறகு படத்துக்கு என்னதான் வழி? கையில் செல்போன் இருக்கிறது, ஜன்னலோரம் காலை வெளிச்சம் இருக்கிறது. சொந்தப் பொடியை, சொந்தக் கிண்ணத்தில் வைத்து எடுத்த படத்தை மிஞ்ச எதுவும் இல்லை. வேறு படம் தேவைப்பட்டால் பெக்ஸல்ஸ், பிக்ஸாபே, அன்ஸ்ப்ளாஷ் போன்ற தளங்களில் வியாபாரத்துக்கும் இலவசமாக எடுக்கலாம். விக்கிமீடியா காமன்ஸிலும் ஏராளம் கிடைக்கும். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் நிபந்தனை எழுதியிருக்கும். எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் சொன்னால் போதும் என்பது சில படங்களுக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'வணிகம் அல்லாத' என்ற சொல் எங்கே இருந்தாலும் அந்தப் படம் கடைக்கு ஆகாது.

ஆள் வைத்து எழுதி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். கட்டுரைக்கு இது பொருந்தாது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால், காசு வாங்கியிருந்தாலும் உரிமை எழுதியவரிடமே நிற்கும், கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கும் வரை. அந்தத் தாளிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அரைப் பக்கத் தாள்தான், அதில் இந்த இரண்டு வரியும் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

படத்தின் உரிமையாளர் டெல்லியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போத்தனூருக்கு வந்துதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. தான் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடச் சட்டம் அவருக்கு வழி தருகிறது. வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறுவது இந்தப் பக்கத்தார் வேலை. தெரிந்தே செய்தது என்று குற்ற வழக்காகி நிரூபணமானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாதம் இருநூறு பாக்கெட் விற்கும் வீட்டுக்கு இது தாங்காது.

அதற்காக நோட்டீஸைப் பார்த்ததும் கேட்ட தொகையை அனுப்பிவிடவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். எப்போது போட்டோம், எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று ஆதாரம் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஆதாரமே இல்லாமல் மிரட்டினால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகவும் இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் பதில் அனுப்பலாம். தொகையைப் பேசிக் குறைத்து முடிந்துபோகும் விவகாரங்களும் உண்டு.

இந்தச் சட்டம் போத்தனூர் பெண்மணியின் பக்கமும் நிற்கும். அவர் ஜன்னலோரத்தில் எடுத்த கொள்ளுப் பொடிப் படம் ஒரு நாள் வேறொரு கடையின் பக்கத்தில், வேறொரு பெயர் ஒட்டிய டப்பாவுக்கு மேலே வந்து நிற்கலாம். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியது, தேதியோடு கூடிய அசல் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதி போதாது. போனில் எடுத்த அசலை மெமரி கார்டிலோ கூகுள் டிரைவிலோ போட்டு வைக்க வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. இதுதான் என் அசல், இதுதான் அவர்கள் போட்டது என்று இரண்டு இணைப்புகளையும் கொடுத்துப் புகார் அனுப்பலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். கட்டுரைக்குக் கட்டணம் 500 ரூபாய். பொட்டலத்தில் ஒட்டும் லேபிள் ஓவியம் போல விற்பனைப் பொருளோடு வருவது என்றால் 2,000 ரூபாய்.