சூடு யார் தலையில்?

நாவலூர் அடுக்குமாடிப் படுக்கையறைகளில் சக்கரம் வைத்த ஏ.சி. உருள்கிறது. சுவரை உடைக்க வேண்டாம். குழாயை ஜன்னலில் செருகினால் போதும். ஆனால் எந்திரம் வெப்பத்தை ஒழிப்பதில்லை. அறையின் சூட்டோடு தன் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. வெளியே தகரக் கொட்டகையில் புரள்பவர்கள் யார்? மாடி கட்டும் தொழிலாளர்கள்!

ஏ.சி. கூடாதென்று நாம் சொல்லவில்லை. உழைப்பவர்களுக்கும் உறக்கம் வேண்டும் என்கிறோம்.

‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரே பஞ்சாலைக்காகப் பிறந்தது. 1906-ல் அமெரிக்க எஞ்சினியர் கிரேமர் வைத்தது. நூல் அறாதிருக்கக் காற்றில் ஈரமேற்றினார்கள், நூற்பவனுக்காக அல்ல. அந்தப் புழுக்கம் ஆலைத் தோழர்கள் அறியாததா?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சரி, உயிரோடிருப்பவனுக்கு? கொட்டகைமேல் கீற்று, உள்ளே மின்விசிறி, குடிதண்ணீர், உச்சிவெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு: இவற்றைக் கட்டுமான முதலாளிகள் தரவேண்டும். அந்த ஓய்வு, நாற்று நடும் தோழர்களுக்கும் வேண்டும்.