தஹஜ்ஜுத் வேளையில் விழித்திருக்கும் உம்மாக்கள்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தால், எமது ஊர்களில் அதற்கு மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். யோசனை கூடிவிட்டது, பிரஷர் ஏறிவிட்டது, அல்லது தஹஜ்ஜுத் தொழ எழும்பியிருக்கிறா. நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணும் சொல்வதில்லை. அவருடைய மாதவிடாய் நிற்கும் காலம் வந்திருக்கிறது.

உயர்தர உயிரியல் படிக்கும் நாம் ஈஸ்திரஜன் எந்த நாளில் ஏறும், எந்த நாளில் இறங்கும் என்று வளைகோடு கீறிப் புள்ளி வாங்குகிறோம். அந்தக் கோடு ஐம்பது வயதில் என்ன ஆகிறது என்று பக்கத்து அறையில் படுத்திருக்கும் உம்மாவைப் பார்த்து யோசிக்கிறோமா?

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதை மாதவிடாய் ஓய்வு என்கிறார்கள். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் இது நிகழ்கிறது. ஆனால் தொல்லை அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சூலகம் சுரக்கும் ஓமோன்கள் ஒரே சீராகக் குறைந்து போவதில்லை. ஒரு மாதம் ஏறி, மறுமாதம் சரிந்து, தாறுமாறாக ஆடும். மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதிதான் உடல் வெப்பத்தைக் காவல் காக்கிறது. ஈஸ்திரஜன் குறையும்போது அந்தக் காவல்காரன் பதற்றக்காரனாகி விடுகிறான். உடம்பு சற்றே சூடானாலும் பெரும் சூடு என்று எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறான். முகமும் நெஞ்சும் தீயாய் எரியும், சில நிமிடங்களில் உடுப்பு நனையும், பிறகு குளிரும். நித்திரை கலைந்துவிடும். புரோஜெஸ்திரோனும் குறைகிறது. அது உடலில் மாற்றமடைந்து உருவாகும் ஒரு பொருள்தான் மூளையை அமைதிப்படுத்தி நித்திரைக்கு உதவுகிறது. அதனால் வியர்க்காத இரவிலும் சிலருக்குக் கண் மூடுவதில்லை.

இது இரண்டு மாதத்து விருந்தாளியும் அல்ல. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அதில் இந்தச் சூடும் வியர்வையும் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 வருடங்கள்.

மன்னாரில் இதை அடையாளம் காண்பது இன்னும் கடினம். காற்று விழுந்த மாதங்களில், பகலில் தகரக் கூரை வாங்கிய வெயில் நடுச்சாமம் வரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் வியர்க்கிற ஊரில் உம்மாவின் வியர்வையை யார் தனியாகக் கவனிப்பார்? அதே அறையில் மற்றவர்கள் அயர்ந்து தூங்க, அவர் மட்டும் நனைந்து எழும்பினால் அது காலநிலை அல்ல.

‘யோசனை’ என்று சொல்வதும் பொய்யல்ல. 1990 ஒக்டோபரில் பத்து, பதினைந்து வயதுச் சிறுமிகளாக இந்தக் கரையிலிருந்து வள்ளமேறி, கற்பிட்டியில் இறங்கி, புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள்தான் இப்போது இந்த வயதுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் விழித்திருப்பதற்குக் காரணங்கள் ஏராளம். ஆனாலும் எல்லாவற்றையும் 1990இன் மேல் சுமத்திவிட்டால், மருந்துள்ள ஒரு வருத்தம் மருந்தில்லாமலே கிடக்கும் என்பது என் கருத்து. பழைய துயரமும் ஓமோனும் ஒரே பாயில் படுக்க முடியும்.

தஹஜ்ஜுத் விடயத்தையும் சொல்லியாக வேண்டும். நித்திரையை விட்டு விரும்பி எழுபவரின் தொழுகை வேறு. நித்திரையே வராதவர் விடியும் வரை என்ன செய்வதென்று தெரியாமல் முஸல்லாவை விரிப்பது வேறு. இரண்டாமவரின் தொழுகையும் அல்லாஹ்விடம் வீணாகாது. ஆனால் நாம் “மாஷா அல்லாஹ்” என்று பாராட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறோம். வெட்கம் என்கிறார்கள். மாதவிடாய் அற்றுப்போன பெண்களைப் பற்றி ஸூரத்துத் தலாக் நேராகவே பேசுகிறது. நம் வீட்டுக்குள் மட்டும் ஏன் இந்தக் குசுகுசுப்பு?

பேசாததன் விளைவு, பக்கத்து வீட்டு ராத்தா கொடுத்த நித்திரைக் குளிசை. அது பழகிவிடும், இரவில் எழும்பும்போது தடுமாறி விழவும் வைக்கும். ஓமோன் சிகிச்சை என்றால் புற்றுநோய் என்ற பயமும் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று இடைநிறுத்தப்பட்டபோது உலகமெங்கும் பரவிய பயம் அது. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அந்தளவு பரவவில்லை. அறுபது வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத பெண்களில் பலருக்கு அதன் நன்மையே கூடுதல் என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கும் பொதுவாக அது பொருந்தாது. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், பார்மசிக்காரரோ நானோ அல்ல. ஓமோன் இல்லாத மருந்துகளும் உண்டு. நித்திரைப் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சிகளும் உண்டு. அஸருக்குப் பிறகு தேநீரை நிறுத்துவதற்குக் காசும் தேவையில்லை. ஆனால் மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மீண்டும் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென இலவச கிளினிக் நடக்கிறது. ‘வெல் வுமன் கிளினிக்’ என்றால் மிட்வைப் மிஸ் நாளையும் இடத்தையும் சொல்வார். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். நித்திரையைப் பற்றி அவர்களாகக் கேட்காவிட்டால் நாம்தான் சொல்ல வேண்டும்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, வியர்க்கிறதா, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு போனால் நல்லது. “நான் போனா பகலைக்கு ஆர் ஆக்குற?” என்று உம்மா கட்டாயம் கேட்பார். அன்றைக்கு உலையை நாம் வைப்போம்.